பிள்ளையின் இரண்டு காதிலும் நடுக்காது நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் காது கிளினிக் நடக்கும் நாள்களில், செவித்திறன் சோதிக்கும் அறைக்கு வெளியே வாங்கில் காத்திருக்கும் தாய்மாரும் அம்மம்மாமாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே வந்து என்னிடம் கேட்பார்கள். கேட்டவர்களின் பேச்சை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்ததைத் தவிர, கேள்விகளில் நான் கை வைக்கவில்லை. செவித்திறன் சோதிப்பதுதான் என் வேலை. மருந்தும் அதன் அளவும் உங்கள் பிள்ளையைப் பார்த்த வைத்தியர் சொல்ல வேண்டியவை.

காதுக்குத்தும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பிறகெப்படி இரண்டு காதிலும் நீர் நிற்கிறது என்கிறார்கள்?

செவிப்பறைக்குப் பின்னால் சிறிய காற்றறை ஒன்று இருக்கிறது. அதுதான் நடுக்காது. செவிப்பறையின் அதிர்வை உள்காதுக்குக் கொண்டுசெல்லும் மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் அதற்குள் இருக்கின்றன. அந்த அறைக்குக் காற்று மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் வழியாக வருகிறது. ஊத்தேக்கியாவின் குழாய் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து மூடும்.

தடிமன் பிடித்து அந்தக் குழாய் வீங்கி அடைபட்டால், உள்ளே அகப்பட்ட காற்று மெல்ல மெல்ல உறிஞ்சப்பட்டு, அந்த இடத்தில் நீர் சுரக்கும். நாள்பட்டால் பசையாகத் தடிக்கும். சீழ் கட்டாதவரை பெரிதாக வலிக்காது. வலி இல்லாததால்தான் பல மாதம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

காது வடிவதும் இந்த நீரும் ஒன்றுதானா?

இல்லை. மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, திடீரென்று வலியும் காய்ச்சலுமாக வரும் தொற்று. இரண்டாவது, வலியில்லாமல் தேங்கி நிற்கும் நீர். மூன்றாவது, செவிப்பறையில் ஓட்டை விழுந்து வாரக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், சீழ் வடிவது. ஒன்று மற்றதாக மாறலாம். ஆனால் மருத்துவம் ஒன்றல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய துளிமருந்து உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

ஒரு காதில் வந்தால் சரி. ஏன் இரண்டிலும் ஒரேயடியாக?

இரண்டு குழாய்களும் மூக்கின் பின்னால் ஒரே அறையில்தான் திறக்கின்றன. தடிமன் வலப்பக்கம், இடப்பக்கம் பார்த்து வருவதில்லை. அந்த அறையிலேயே அடினோயிட் என்ற நிணநீர்த் திசுத்திரளும் இருக்கிறது. சிறுவயதில் அது பெருத்திருக்கும். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு உறங்கும் பிள்ளையிடம் இதைப் பார்க்கலாம்.

பிள்ளைகளின் குழாய் பெரியவர்களுடையதைவிடக் குட்டையானது, படுக்கையாகவும் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வு. கைக்குழந்தைக்கு 10 பாகை அளவே. ஆகவே நீர் வடிந்து இறங்காது, மூக்கிலுள்ள கிருமி மேலே போவதும் எளிது. ஐப்பசி, கார்த்திகை மழையோடு முன்பள்ளியில் தடிமன் சுற்றத் தொடங்கினால் எங்கள் அறைக்கு வெளியே வாங்கு நிறைந்துவிடும்.

முழுக வார்த்தபோது காதுக்குள் தண்ணீர் விட்டுவிட்டேன் என்று மாமி என்னைத்தான் குற்றம் சொல்கிறார். உண்மையா?

உங்கள் மேல் குற்றமில்லை. செவிப்பறை முழுமையாக இருக்கும்வரை கிணற்றுத் தண்ணீர் அதைக் கடந்து நடுக்காதுக்குப் போகாது. உள்ளே நிற்கும் நீர் உடலே சுரந்தது. நல்லூர்த் திருவிழாவில் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமும் காரணமல்ல. அங்கே சனநெருக்கத்தில் யாரோ தும்மியதில் தொற்றிய தடிமன் வேண்டுமானால் காரணமாக இருக்கலாம். மாமியிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

காது குத்தித் தோடு போட்ட பிறகுதான் தொடங்கியது. அதனாலா?

இல்லை. தோடு போடுவது சோணையில். அங்கே புண் வந்தால் சோணை சிவக்கும், வீங்கும். அதற்கும் நடுக்காதுக்கும் வழியே இல்லை. காது குத்தும் வயதும் இந்த நோய் அதிகம் வரும் வயதும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் அடுத்தடுத்து நடந்துவிடுகின்றன.

கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். ஆனால் சொக்லேட் என்று மெதுவாகச் சொன்னாலும் ஓடி வருகிறான். நடிக்கிறானா?

இந்தக் கேள்வியோடு வரும் பெற்றோர் பாதிப் பேர் பிள்ளைக்கு அடித்துவிட்டு வருகிறார்கள். நடிப்பல்ல. நடுக்காதில் நீர் நிற்கும்போது கேள்வி, அதாவது கேட்கும் திறன், முற்றாகப் போவதில்லை. பொதுவாக 25 முதல் 30 டெசிபெல் அளவு குறைகிறது. அருகிலிருந்து பேசினால், முகம் தெரிந்தால், வீடு அமைதியாக இருந்தால் பிள்ளை சமாளித்துவிடும். சமையலறையிலிருந்து கூப்பிட்டால், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால், அதே பிள்ளைக்கு உங்கள் குரல் தலையணைக்கு அப்பாலிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

சொக்லேட் விடயத்துக்கு வருவோம். ஆசைப்படும் சொல்லை அரைகுறையாகக் கேட்டாலும் பிள்ளை ஊகித்துவிடும். கையில் உறை சரசரப்பதையும் கண் பார்த்துவிடும். ‘புத்தகத்தை எடுத்து மேசைக்குக் கீழே வை’ என்ற வசனத்தில் ஊகிக்க எதுவுமில்லை. மேசை மட்டும் கேட்டிருக்கும், மேலே வைத்துவிட்டு நிற்கும். அடம்பிடிக்கிறான், சொல்வழி கேட்கிறானில்லை என்ற பட்டம் கிடைக்கும்.

இன்னொன்று, இந்த நீர் கூடும், குறையும். ஒரு கிழமை நன்றாகக் கேட்டுவிட்டு அடுத்த கிழமை கேட்காமல் இருப்பது இந்த நோயின் இயல்பு. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவது, அடிக்கடி ‘என்ன?’ என்பது, சத்தமாகப் பேசுவது, கூட்டமான இடத்தில் ஒதுங்கி இருப்பது, படிக்கட்டில் தடுமாறுவது ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறந்தபோது காது சோதித்து நல்லது என்றார்களே?

அன்று நன்றாக இருந்தது. நடுக்காதில் நீர் பிற்பாடு வருவது. ஐந்து வயதுக்குள் ஒருமுறையாவது இது வராத பிள்ளை குறைவு. அன்றைய சோதனை இன்றைக்குச் சாட்சியாகாது.

எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? என்ன சோதனை செய்வார்கள்?

முதலில் உங்கள் குடும்ப வைத்தியர், அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. அங்கிருந்து காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. தடுப்பூசிக்குப் போகும்போது குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொன்னாலும் வழிகாட்டுவார்.

காதுக்குள் விளக்கடித்துச் செவிப்பறையைப் பார்ப்பார்கள். பிறகு காதுத் துவாரத்தில் மென்மையான முனையொன்றை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை அசைகிறதா என்று அளப்பார்கள். டிம்பனோமெட்ரி என்பது அதுதான். சில விநாடி வேலை, வலிக்காது. நீர் நின்றால் தாளில் மலைபோல் எழ வேண்டிய கோடு தட்டையாக வரும். நாலு வயதளவில் பிள்ளை ஹெட்போன் போட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைப் பெட்டியில் போடும். அதிலிருந்து ஓடியோகிராம் என்ற செவித்திறன் வரைபடத்தை எடுப்போம். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவானுக்கு வந்து பஸ் பிடித்து வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அவை இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மூன்று மாதம் பொறுங்கள் என்று மருந்தே எழுதாமல் அனுப்பிவிட்டார். கவனயீனம்தானே?

இல்லை. அதுதான் சரியான மருத்துவம். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். காதுத் தொற்றுக்குப் பின்னால் தங்கிய நீராக இருந்தால் இன்னும் நம்பிக்கை அதிகம்: ஒரு மாதம் கழித்துப் பத்தில் நாலு பேருக்கு நீர் தேங்கியிருக்கும், மூன்று மாதத்தில் பத்தில் ஒருவருக்குத்தான் தேங்கியிருக்கும். வலியில்லாத இந்த நீருக்கு அன்ரிபயோட்டிக் தருவதால் நிலையான பலன் இல்லை. தடிமன் சிரப், ஒவ்வாமை மாத்திரை, ஸ்டிரொய்ட் எதுவும் நீரை வற்றச் செய்வதில்லை. பக்கவிளைவும் செலவும்தான் மிச்சம்.

ஆனால் பொறுப்பதற்கு ஒரு திகதி இருக்க வேண்டும். நான் பெற்றோரோடு சண்டை பிடிப்பது இந்த இடத்தில்தான். ‘மூன்று மாதம்’ என்று கேட்டுக்கொண்டு போய், பிள்ளைக்கு வலியில்லை என்பதால் அடுத்த வருடம் வருவார்கள். முதல் சோதனை நடந்த நாளையும் அடுத்த சோதனைக்கு வர வேண்டிய நாளையும் வீட்டுக் கலண்டரில் எழுதுங்கள். திகதி இல்லாவிட்டால் அது மருத்துவமல்ல, மறதி.

அந்த மூன்று மாதமும் வீட்டில் சும்மா இருப்பதா?

வேலை நிறைய இருக்கிறது. பிள்ளைக்கு அருகில் வந்து, பெயர் சொல்லி, முகம் பார்த்துப் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் சொல் சிதையும். தொலைக்காட்சியும் ஃபோனும் ஓய்ந்திருக்கும் அரை மணி நேரமாவது நாளொன்றுக்கு இருக்கட்டும். அந்த நேரத்தில் கதை சொல்லலாம், படப்புத்தகம் பார்க்கலாம். கூட்டுக்குடும்பத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் இந்தப் பிள்ளை மிகவும் களைத்துப்போகும். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பேசலாம்.

வீட்டுக்குள் சிகரெட், சுருட்டுப் புகை அறவே கூடாது. தாத்தாவுக்குச் சுருட்டை விட முடியாவிட்டால் அவர் வளவுக்குப் போகட்டும். விறகடுப்புப் புகைக்கும் நுளம்புத்திரிப் புகைக்கும் பிள்ளையைத் தள்ளியே வையுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது காதுத் தொற்றைக் குறைக்கிறது. போத்தல் பால் கொடுப்பதானால் தலையை உயர்த்திப் பிடியுங்கள், படுக்கவைத்து வாயில் திணிக்க வேண்டாம்.

மூக்கால் பலூன் ஊதச் சொன்னார்கள். பகிடியா?

பகிடியில்லை. ஒரு மூக்குத் துவாரத்தை விரலால் பொத்திக்கொண்டு, மற்றதில் சிறு குமிழை வைத்து அதனோடு பொருத்திய பலூனை ஊத வேண்டும். அந்த அழுத்தத்தில் குழாய் திறந்து காற்று உள்ளே போகும். நாலைந்து வயதுப் பிள்ளை பழகிக்கொள்ளும், அதற்குக் குறைந்த வயதில் பெரும்பாலும் முடியாது. இதற்கென்று செய்த பலூன் வேண்டும், பிறந்தநாள் பலூன் சரிவராது. கடும் தடிமன் இருக்கும் நாள்களில் விட்டுவிடுங்கள். அதற்குப் பழகாத பிள்ளையை வற்புறுத்தி அழவைக்கவும் வேண்டாம்.

முன்பள்ளி ரீச்சரிடம் சொன்னால் பிள்ளையைச் செவிடு என்று ஒதுக்கிவிடுவார்களோ?

சொல்லாவிட்டால்தான் மந்தம் என்று ஒதுக்குவார்கள். ‘இப்போதைக்குக் காதில் நீர் நிற்கிறது, கேள்வி குறைவு, இன்ன மாதம் திரும்பச் சோதிப்போம்’ என்று சொல்லுங்கள். முன்வரிசையில், வீதிச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் எட்டாத இடத்தில் இருத்தச் சொல்லுங்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசினால் இந்தப் பிள்ளைக்கு எட்டாது. தரம் ஒன்றுக்குப் போன பிள்ளையானால் சொல்வதெழுதல் எழுதிய கொப்பியைப் பாருங்கள், எந்த எழுத்துகள் விடுபடுகின்றன என்பது தெரியும்.

உள்ளியைப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விடலாமா? அம்மம்மா காலத்திலிருந்து விடுகிறோம்.

விட வேண்டாம். செவிப்பறை முழுமையாக இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போகாது, பலன் இல்லை. ஓட்டை இருந்தால் போகும், அது இன்னும் மோசம். தாய்ப்பாலைக் காதில் பீச்சுவதும் இப்படித்தான். சூடு சரியாகப் பார்க்காமல் விட்ட எண்ணெயால் காதுத் துவாரம் வெந்த பிள்ளைகளும் உண்டு. சித்த வைத்தியரிடம் போவது உங்கள் விருப்பம். எங்கே போனாலும் செவிப்பறையைப் பார்க்காமல் காதுக்குள் எதையும் விட அனுமதிக்காதீர்கள்.

பஞ்சு சுற்றிய குச்சியும் வேண்டாம். குறும்பியை அது உள்ளே தள்ளும். குறும்பி காதுக்குப் பகையல்ல, பெரும்பாலும் தானே வெளியேறும்.

நடுச்சாமத்தில் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அழுகிறாள். விடியும்வரை பொறுக்கலாமா?

இது முதலில் சொன்ன மூன்றில் வலியோடு வரும் தொற்றாக இருக்கலாம். வலிக்கு, நிறைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் கொடுங்கள். பிள்ளை சுறுசுறுப்பாக, குடித்துக்கொண்டு இருந்தால் விடியும்வரை பொறுத்து வைத்தியரிடம் காட்டலாம். இந்த இடத்தில் ‘இரண்டு காது’ என்பதற்குத் தனி நிறை உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு காதில் மட்டும் கடுமையில்லாத தொற்று என்றால் இரண்டு மூன்று நாள் பார்த்திருக்க வைத்தியர் சொல்லலாம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இரண்டு காதிலும் என்றால் பெரும்பாலும் அன்ரிபயோட்டிக் தொடங்குவார்கள். தொடங்கினால் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள்.

காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து சோணை முன்னால் தள்ளி நின்றால், கழுத்து விறைத்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், எழுப்ப முடியாத மயக்கம் இருந்தால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கடும் காய்ச்சல் என்றால் விடியப் பார்க்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

காது வடிந்தது, வலி நின்றுவிட்டது. பஞ்சை அடைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். சரிதானே?

வலி நின்றது செவிப்பறை சிறிதாகக் கிழிந்து சீழ் வெளியேறியதால். பல பிள்ளைகளுக்கு அந்தக் கிழிவு சில வாரங்களில் தானாக மூடிவிடும். ஆனால் பஞ்சை அடைத்து வைத்தால் சீழ் உள்ளேயே ஊறும். சுத்தமான மெல்லிய துணி அல்லது உறுதியான ரிஷூவைத் திரியாகச் சுருட்டிக் காதுக்குள் மெதுவாக வையுங்கள். நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். உலர்ந்து வரும்வரை இதைச் செய்து, அதன் பிறகே வைத்தியர் தந்த துளிமருந்தை விட வேண்டும். ஈரத்தின் மேல் விட்டால் மருந்து சேராது. குச்சியில் சுற்றிச் செய்ய வேண்டாம்.

மருந்துக்கடையில் கேட்டுத் துளிமருந்து வாங்காதீர்கள். ஜென்டமைசின் சேர்ந்த சில துளிமருந்துகள் ஓட்டை வழியே போய் உள்காதைப் பாதிக்கக்கூடும், அந்தப் பாதிப்பு திரும்பாது. இரண்டு கிழமைக்கு மேல் வடிந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ காது மூக்கு தொண்டை நிபுணர் பார்த்தே ஆக வேண்டும். கொலஸ்டியாட்டோமா என்ற தோல்வளர்ச்சி எலும்பை அரித்துக்கொண்டு போகும்போதும் அப்படித்தான் நாறும். அதற்குச் சத்திரசிகிச்சைதான் வழி.

கீரிமலைக் கேணியில் இறக்கலாமா? கசூரினாவில் குளிக்கலாமா?

ஓட்டை இல்லாமல் நீர் மட்டும் நின்றால் குளிக்கலாம். ஓட்டையோ வடிதலோ இருந்தால் கேணியும் கடலும் இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் முழுகும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காது வாசலில் வைத்து, முழுகி முடிந்ததும் எடுத்துவிடுங்கள். முன்கேள்வியில் பஞ்சு வேண்டாம் என்றது நாள் முழுவதும் அடைத்து வைப்பதை.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போகிறோம். காது வெடிக்குமா?

வெடிக்காது. நடுக்காது நீரால் நிறைந்திருந்தால் அழுத்த மாற்றம் அதிகம் வலிக்காது. கடும் தடிமனும் புதிய தொற்றும் இருக்கும்போதுதான் இறங்கும் நேரத்தில் வலிக்கும். விமானம் இறங்கத் தொடங்கியதும் பிள்ளையை எழுப்பி, குடிக்கவோ சப்பவோ எதையாவது கொடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

மூன்று மாதம் கழித்தும் இரண்டிலும் நீர் நிற்கிறது. குழாய் வைக்க வேண்டும் என்கிறார். பயமாக இருக்கிறது.

குரோமெட் என்பது அரிசிமணியை விடச் சிறிய குழாய். மயக்கமருந்து கொடுத்துச் செவிப்பறையில் சிறு கீறலிட்டு, நீரை உறிஞ்சிவிட்டு, அந்தக் கீறலில் பொருத்துவார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்துச் சில நிமிட வேலை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். மூக்கிலிருந்து வர வேண்டிய காற்று இந்தக் குழாய் வழியாக வெளியிலிருந்து வரும், கேள்வி உடனே தெளியும். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் சத்தத்துக்கு அழுத பிள்ளைகள் உண்டு. நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அடினோயிட்டையும் அதே மயக்கத்தில் எடுக்கச் சொல்லலாம். இரண்டாம் முறை குழாய் வைக்கும் தேவையை அது குறைக்கிறது.

நீர் நிற்கும் எல்லாருக்கும் இது தேவையில்லை. ஓடியோகிராமில் இரண்டு காதிலும் கேள்வி குறைந்திருக்க வேண்டும், அல்லது பேச்சும் படிப்பும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். மயக்கமருந்துக்குப் பயந்தால், சில மாதங்களுக்குச் செவிப்புலன் கருவி போடலாமா என்றும் கேளுங்கள். அதுவும் ஒரு வழிதான்.

குழாய் உள்ளே விழுந்துவிடாதா? விழுந்த பிறகு திரும்ப வந்தால்?

செவிப்பறை வளரும்போது குழாயை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் காதுக்குறும்பியோடு சேர்ந்து விழும், பலருக்கு அது தெரிவதே இல்லை. சிலருக்கு ஓட்டை மூடாமல் நிற்கலாம், சிலருக்குக் குழாய் வழியே வடியலாம். அப்போது துளிமருந்து தருவார்கள். நீர் திரும்ப வந்தால் திரும்பவும் வைக்கலாம். ஆனால் அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும், ஊத்தேக்கியாவின் குழாயும் பெரியவர்களுடையதைப் போல் சாய்ந்திருக்கும்.

அண்ணப்பிளவு (மேல்வாய்ப் பிளவு) உள்ள பிள்ளை. அவனுக்கும் மூன்று மாதம் பொறுப்பதா?

அவனுக்குக் கணக்கு வேறு. அண்ணப்பிளவில் ஊத்தேக்கியாவின் குழாயைத் திறக்கும் தசைகள் சரியாக இயங்காததால் இரண்டு காதிலும் நீர் நிற்பது ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடமும் மிக அதிகம், அவர்களில் பலருக்குக் காதுத் துவாரமே ஒடுக்கம். ஏற்கனவே பேச்சுத் தாமதமோ பார்வைக் குறைவோ உள்ள பிள்ளைக்கும் பொறுத்திருப்பது பொருந்தாமல் போகலாம். முதல் நாளிலேயே இதைக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

இரண்டு வயதாகியும் பேசவில்லை. காதில் நீர் என்றார்கள். நீரை எடுத்தால் பேசுவாளா?

கேள்வி தெளிந்தால் பேச்சு முன்னேறலாம். ஆனால் பேச்சுத் தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. நீர் அவற்றை மறைத்துக்கொண்டு நிற்கவும் கூடும். கண் பார்த்துச் சிரிக்கிறாளா, விரல் நீட்டிக் காட்டுகிறாளா, பெயர் சொன்னால் அருகிலிருந்தும் திரும்பவில்லையா என்பவற்றையும் சொல்லுங்கள். காதுக்கு மருத்துவம் நடக்கும்போதே பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமும் காட்டுங்கள்.

கடைசியில் கைதடி நுஃபீல்ட் பாடசாலையில்தான் சேர்க்க வேண்டி வருமா?

இந்தக் காரணத்துக்காக வராது. அங்கே படிக்கும் செவிப்புலன் குறைந்த பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களில் பெரும்பாலோருக்கு உள்காதிலோ நரம்பிலோ நிலையான குறை. நடுக்காது நீரில் சத்தம் போகும் வழி மட்டும்தான் அடைபடுகிறது, வழி திறந்தால் கேட்கும். கவனிக்காமல் விட்டு ஆண்டுக்கணக்கில் வடியும் காது மட்டும் நிலையான குறையில் கொண்டுபோய் விடக்கூடும்.

இப்போது நன்றாகக் கேட்கிறது, எங்களுக்கே தெரிகிறது. அடுத்த சோதனைக்கு வரத்தான் வேண்டுமா?

வாருங்கள். சொக்லேட்டுக்கு ஓடிவந்த பிள்ளையைப் பற்றி மேலே சொன்னேன், வீட்டில் கேட்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. அதோடு ஒரு காது தெளிந்தவுடனேயே பிள்ளை பழையபடி நடந்துகொள்ளும், மற்றக் காதில் நீர் நிற்பதை அது மறைத்துவிடும். ஒரு காது மட்டும் என்றால் அவசரமில்லை. ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது பிடிபடாது. வீதி கடக்கும் பிள்ளைக்கு அது சின்ன விடயமல்ல.

சோதனையில் இரண்டு காதும் தெளிவென்றால் கிளினிக் கொப்பியில் எழுதித் தருவார்கள். அந்தக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். அடுத்த மாரியில் தடிமன் விட்ட பிறகும் ‘என்ன?’ ‘என்ன?’ என்று கேட்கத் தொடங்கினால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.